ஒரு வாரத்தில் போதகர்களுக்கு என்ன கற்றுக்கொடுக்க முடியும்?

கேரள-தமிழக எல்லையிலுள்ள பாறசாலையிலிருந்து இலங்கை மலையகத்துக்குப் போய் ஒரு வாரம் தமிழ்ப் போதகர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் பலன் இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கும். ஆனால் வேதாகமம் முழுவதையும் நடத்தப் பார்க்காதீர்கள். அதிலுள்ள சிறு கடிதமான பிலிப்பியர் நிருபம் ஒன்று போதும்: 4 அதிகாரம், 104 வசனம். காலையில் ஒரு பகுதியைச் சேர்ந்து வாசியுங்கள். மதியம் அவர்களே அதிலிருந்து பிரசங்கம் தயாரித்துப் பேசட்டும், நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள். உண்மையான பயிற்சி அங்கேதான் நடக்கிறது. நம் எல்லைப் பக்கத்து மலையாளம் கலந்த பேச்சு அவர்களுக்குச் சட்டென்று பிடிபடாது, நிதானமாகப் பேசுங்கள். கூலி வேலை செய்துகொண்டே ஊழியம் செய்கிறவர் வந்தால், அந்த நாட்களின் கூலியையும் உங்கள் பயணச் செலவில் சேர்த்துவிடுங்கள். அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! அப்புறம், சுற்றுலா விசாவில் போதிக்க அனுமதி உண்டா என்று டிக்கெட் எடுப்பதற்கு முன்பே தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.