வேலூரில் பொதுப் பூங்கா இடத்தில் நாட்டுச் செடித் தோட்டம் போட எப்படித் திட்டமிடுவது?

எங்கள் நகருக்குப் பூங்காவென்று விட்ட அரை ஏக்கர் சும்மா கிடக்கிறது, ஆட்களும் வந்து உட்கார வேண்டும், பறவை, பட்டாம்பூச்சியும் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

செடிப் பட்டியல் அப்புறம். முதலில், பராமரிப்புக்கு வரப்போகிறவரிடம் பேசுங்கள். நான் பார்த்தவரை, பூங்காச் செடிகளுக்கு நம்ம ஊர் வெயிலைவிடப் பெரிய எதிரி "சுத்தம் பண்றோம்" என்று வரும் மண்வெட்டிதான். எருக்கு அவர் கண்ணுக்குக் களை. வெந்தய வரியன் பட்டாம்பூச்சி அதில்தான் முட்டை வைக்கிறது என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

அதனால் இடத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். வாசல் பக்கம் நடைபாதை, பெஞ்சு, நிழலுக்குப் புங்கன், வேம்பு, மகிழம். சித்திரை வெயிலில் புங்கன் புது இலையோடு நிற்கும். வேப்பம்பழம் பழுத்தால் குயிலும் மைனாவும் தானாக வரும். பின்பக்கம் புதர்க்காடு: ஆவாரை, எருக்கு, தும்பை, கறிவேப்பிலை, வில்வம், இடம் இருந்தால் ஓர் அத்தி. நடுவே நம்ம ஊர்க் கருங்கல்லை ஒரு வரிசை அடுக்கி, "இதற்குள் வெட்ட வேண்டாம்" என்று பலகை வையுங்கள்.

பூச்சி தின்ற இலையைப் பார்த்து மருந்தடிக்கச் சொல்லி யாராவது வருவார்கள். அவரைக் கறிவேப்பிலைச் செடியிடம் கூட்டிப்போங்கள். அதில் பட்டாம்பூச்சியாகப் போகிற சின்னப் புழு பறவை எச்சம் மாதிரியே ஒட்டிக்கொண்டிருக்கும். வளர்ந்ததும் பச்சையாகிவிடும், லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கொம்பை நீட்டி ஒரு நெடியை விடும். பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேடிக்கை வேண்டும்!

வேலியோரம் நொச்சியும் ஆடாதொடையும் போதும், ஆடு வாய் வைக்காது. சீமைக்கருவேலம் இருந்தால் வேரோடு எடுங்கள். மேலாக வெட்டினால் மறுபடி துளிர்க்கும். சீக்கிரம் பச்சையாகும் என்று நர்சரியில் கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள், வேண்டாம்.

நடவைப் புரட்டாசியில் வைத்துக்கொண்டால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் பிடித்துவிடும். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றியாக வேண்டும். அந்த டேங்கர் செலவு யாருடையது என்பதை நகர் சங்கக் கூட்டத்தில் குழி வெட்டுவதற்கு முன்பே பேசி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.