கூரைக்குள் உப்பு

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தை ஆறு வருடங்களாக வாசிக்கிறேன். இதுதான் முதல் கடிதம். பெயர் வெளியிட வேண்டாம்.

அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் பொறையார். எனக்கு நினைவு தெரிந்து எப்போதும் வாடகை வீடுதான். இப்போது அப்பாவும் அம்மாவும் சென்னையில் என்னோடு இருக்கிறார்கள். அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. ஊருக்கே போய்விட வேண்டும் என்கிறார்கள். பொறையாருக்கும் தரங்கம்பாடிக்கும் நடுவில் புதிதாகக் கட்டிய ஒரு தனி வீடு அமைந்திருக்கிறது. தரைத்தளம் மட்டும், மூன்று சென்ட் நிலம், 850 சதுர அடி, 42 லட்சம். கடல் ஒன்றரை கிலோமீட்டர். கட்டியவரே விற்கிறார். வீடியோ அனுப்பினார், நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். வெள்ளை டைல்ஸ், மாடுலர் கிச்சன், அலமாரிக் கதவைத் தள்ளினால் சத்தமே இல்லாமல் மெல்ல மூடிக்கொள்கிறது. இரண்டு லட்சம் முன்பணம் கொடுத்துவிட்டேன்.

சின்ன ஊர், மாடியும் இல்லை, விலையே ஏறாது, அதே பணத்தில் தாம்பரம் தாண்டி பிளாட் வாங்கு என்கிறான் அண்ணன். தெற்கு வாசல் ஆகாது என்கிறார் அத்தை. அம்மாவுக்கு ஆசையும் இருக்கிறது, சுனாமி பயமும் இருக்கிறது. பெற்றோரின் ஆசைக்காக வாழ்நாள் சேமிப்பைச் சின்ன ஊரில் போடுவது வெறும் உணர்ச்சிவசப்பட்ட முடிவா?

ஒரு வாசகி, சென்னை

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று, எங்கள் ஊர் வீட்டுக் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றுவதற்கு ஆள் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு வாரமாக மனதில் அந்தக் கூரைதான். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

அண்ணன் சொல்வதை விடுங்கள். விலை ஏறுவதும் இறங்குவதும் விற்கப் போகிறவர்களுக்கான கவலை. உங்கள் அப்பா அந்த வீட்டில் வாழப் போகிறார். 71 வயதுக் கால்களுக்குத் தரைத்தளம் மட்டும் இருக்கிற வீட்டைவிட நல்ல வீடு கிடையாது. தெற்கு வாசலில் கோடையில் காற்று வரும், அத்தையிடம் அதைச் சொல்லுங்கள். அம்மாவின் பயத்தை மட்டும் சிரித்துத் தள்ளாதீர்கள். 2004 டிசம்பர் 26 தரங்கம்பாடிக்கு என்ன செய்தது என்று அந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அன்று தண்ணீர் எதுவரை வந்தது என்று அந்தத் தெருக்காரர்களிடமே கேளுங்கள். கையை நீட்டிக் காட்டுவார்கள்.

பத்திர விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 30 வருட வில்லங்கம், மூலப்பத்திரம், விற்பவர் பெயரில் பட்டா, புலப்படத்தோடு ஒத்துப்போகிற அளவு, மனை அங்கீகாரம், கட்டட அனுமதி. ஒரு நல்ல வழக்கறிஞர் இரண்டு நாளில் பார்த்துவிடுவார். கடலிலிருந்து 500 மீட்டருக்குள் வரும் கடலோர ஒழுங்குமுறை உங்களைத் தொடாது. ஆனால் பக்கத்தில் உப்பங்கழி ஏதாவது ஓடினால், கடல் ஏறி இறங்குகிற அந்தக் கரைக்கும் விதி உண்டு என்பதை மறக்க வேண்டாம். அப்புறம், ஐப்பசி கார்த்திகையில் ஒரு முறை போய்ப் பாருங்கள். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. அதே மாவட்டத்தில்தான் வீடு வாங்குகிறீர்கள். பேஸ்மென்ட் உயரத்தைச் சித்திரை வெயிலில் நின்றுகொண்டு முடிவு செய்யக் கூடாது.

இனி நான் சொல்ல வந்தது.

அலமாரிக் கதவு மெல்ல மூடுவதைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூரையை எந்தத் தண்ணீரில் கலந்து போட்டார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்டிருக்கவே மாட்டீர்கள். 42 லட்சம், அம்மா, உங்கள் பதினைந்து இருபது வருட உழைப்பாக இருக்கும். புடவை எடுக்கப் போனால் முந்தானையைப் பிரித்து வெளிச்சத்தில் பார்க்காமல் வாங்குவீர்களா? கடலோரத்தில் வீடு வாங்குகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டு முன்பணம் கொடுத்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

நான் வளர்ந்தது வேதாரண்யம் பக்கம் ஒரு கிராமத்தில். அப்பா தொடக்கப் பள்ளி ஆசிரியர். 1983இல் பி.எஃப். கடன் போட்டு ஒரு தளம் போட்ட வீடு கட்டினார். எங்கள் தெருவில் அதுதான் முதல் கான்கிரீட் கூரை. எங்கள் பக்கத்தில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. குடிக்கவும் கட்டடத்துக்கும் ஊர்க் குளத்திலிருந்து மாட்டு வண்டியில் டிரம் வைத்துக் கொண்டுவருவார்கள். அந்த வருடம் மழை பொய்த்துக் குளம் அடிமண் தெரிய வெடித்துக் கிடந்தது. தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம். அதற்குள் வீடு முடிய வேண்டும். கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இருந்தது.

கூரை போடுகிற அன்று காலை வயதான கொத்தனார் அந்தக் கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து, கையில் அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். "வாத்தியாரே, இது ஆவாது. ஒரு மழை பாத்துட்டுப் போடுவோம்" என்றார். அப்பா மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தார். "ஆயிரம் வீட்டுல ஒரு வீடு, ஒண்ணும் ஆவாது, போடுங்க" என்றார். கொத்தனார் அதற்கு மேல் பேசவில்லை. சித்தாள்கள் ஏணியில் வரிசையாக நின்று சட்டி கைமாற்றினார்கள். கம்பிக்கு அடியில் சல்லித் துண்டுகளைச் செருகிக்கொண்டே போனார்கள். மிதிக்க மிதிக்க அவை உருண்டன, கம்பி பலகையில் போய் உட்கார்ந்தது. சாயங்காலம் எல்லாருக்கும் அம்மா கேசரி கொடுத்தாள்.

மறுநாளிலிருந்து கூரை மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது என் வேலை. எனக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு வாரம், காலையும் மாலையும், அதே கிணற்றிலிருந்து இறைத்து ஏணியில் ஏறி ஊற்றினேன். தண்ணீர் சுண்டிய இடத்தில் பாத்தி ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கும். விரலால் தொட்டு நக்கிப் பார்த்திருக்கிறேன். கரித்தது. நம் வீட்டு மாடியிலேயே உப்பளம் இருக்கிறது என்று அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

பத்து வருடம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கூடத்து மச்சில் பழுப்பாக ஒரு கோடு வந்தது. கம்பி ஓடுகிற நேருக்கு ஒரு கோடு, அடுத்த வருடம் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வெள்ளை அடித்து மறைத்தோம். கம்பால் தட்டினால் சில இடங்களில் பொக்கென்று சத்தம் கேட்டது. 2002இல் ஒரு விடியற்காலை, முறம் அகலத்துக்கு ஒரு பாளம் அம்மா படுக்கும் இடத்தில் விழுந்தது. அவள் வாசல் தெளிக்க எழுந்து போய் ஐந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. பாயில் அவள் தலைவைத்த பள்ளம் அப்படியே இருந்தது, அதன் மேல் சிமென்ட்டுக் கட்டி. மேலே பார்த்தால் கம்பி அப்பளம் போல அடுக்கடுக்காக உரிந்து நின்றது. அப்பா வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். "அவரு சொன்னாரு" என்று மட்டும் சொன்னார். கொத்தனார் அப்போது உயிரோடு இல்லை.

அதற்குப் பிறகு அப்பா எந்த ஊருக்குப் போனாலும், வழியில் எங்காவது கட்டட வேலை நடந்தால் உள்ளே போய் டிரம்மில் விரலை விட்டு வாயில் வைத்துப் பார்ப்பார். ஆட்கள் ஒருமாதிரி பார்ப்பார்கள். நான் கூசிப்போய்த் தெருவில் நிற்பேன். இப்போது நானே அதைச் செய்கிறேன்.

உப்பு என்ன செய்கிறது என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பி துருப்பிடிக்காது. சிமென்ட்டின் காரத்தன்மை அதன் மேல் மெல்லிய தோல் போலக் காவல் நிற்கும். உப்பில் உள்ள குளோரைடு அந்தத் தோலைத் துளைத்துவிடும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். கான்கிரீட் அதற்கு வழிவிட முடியாமல் உள்ளிருந்தே வெடிக்கும். கடற்காற்றில் வருகிற உப்பு வெளியிலிருந்து மெல்ல மெல்ல உள்ளே போக வேண்டும். கலவைத் தண்ணீரிலோ கழிமுகத்து மணலிலோ வருகிற உப்பு முதல் நாளே கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருக்கிறது. ஐ.எஸ். 456 என்று நம் நாட்டின் கான்கிரீட் விதிநூல் இருக்கிறது, 2000ஆம் ஆண்டுப் பதிப்பு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு கூடாது என்கிறது. கம்பிக்கு வெளியே எவ்வளவு கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பதற்கும் கணக்குச் சொல்கிறது. கடலைவிட்டுத் தள்ளி, வெயில் மழை நேராகப் படாத இடத்தில் 20 மில்லிமீட்டர் போதும், கடலோரக் காற்று நேராகப் படுகிற இடத்தில் 45. கலவையும் அங்கே எம்30 என்கிற கூடுதல் வலிமைத் தரத்தில் இருக்க வேண்டும். மயிலாடுதுறையில் கட்டுகிற அதே எம்20 கலவையை, கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி நிறுத்துகிற அதே முக்கால் அங்குல கவர் பிளாக்கைத் தரங்கம்பாடிக்கும் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள்.

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை கடலை ஒட்டியே நிற்கிறது, செங்கலும் சுண்ணாம்புமாக. நம் பழைய ஓட்டு வீடுகளும் மரச்சட்டம் போட்ட மச்சு வீடுகளும் அப்படித்தான். உப்பு அவற்றையும் அரிக்கும், காரை உதிரும், மறுபடி பூசிக்கொள்வோம். கூரைக்குள் இரும்பு இல்லாததால் உள்ளிருந்து வெடிக்கிற சங்கடம் மட்டும் இல்லை. இரும்பே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. உப்புக் காற்றில் இரும்பை வைக்கிறவருக்கு அதைப் பாதுகாக்கிற கடமை உண்டு. உங்களுக்கு விற்பவர் அந்தக் கடமையைச் செய்தாரா என்பதுதான் கேள்வி.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தில், கட்டுமானக் குறைக்கு ஐந்து வருடம் வரை கட்டியவர் பொறுப்பு என்று இருக்கிறது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் கட்டும் திட்டத்தைப் பதிவு செய்யவே தேவையில்லை. உங்களுடையது மூன்று சென்ட். பொறுப்பு எழுத்தில் இருந்தாலும் எங்கள் வீட்டில் முதல் கோடு வந்தது பத்து வருடம் கழித்து.

புது வீட்டில் கூரையைத் தட்டினால் கணீர் என்றுதான் கேட்கும், அதை நம்பாதீர்கள். இதே ஆள் எட்டுப் பத்து வருடத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்தில் கட்டிய வீடு எது என்று விசாரித்து அங்கே போங்கள். சன்ஷேடின் அடிப்பக்கம், போர்ட்டிகோ, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கிற தளம், இங்கேதான் முதலில் தெரியும். பழுப்புக் கோடோ, கம்பி நேருக்கு விரிசலோ, புதிதாகப் பூசிய திட்டோ இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்குத் தண்ணீர் லாரியில் வந்ததா, போரிலிருந்து எடுத்ததா என்று எதிர்வீட்டுக்காரரிடம் கேளுங்கள், விற்பவரிடம் கேட்காதீர்கள். லாரி வந்திருந்தால் தெருவுக்கே தெரியும். பிறகு ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து, கம்பிக்கு மேல் மூடிய கனத்தைக் கவர் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று இடத்தில் துளை போட்டுத் தூள் எடுத்துக் குளோரைடு சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். விற்பவர் துளை போடக் கூடாது என்றால் இரண்டு லட்சத்தை மறந்துவிட்டு வெளியே வாருங்கள். போட்ட கூரையிலிருந்து உப்பைத் திருப்பி எடுக்க உங்களாலும் என்னாலும் ஆகாது. நாங்கள் ஒன்பது வருடம் ஒட்டுப் போட்டுப் பார்த்தோம். ஒட்டுப் போட்ட இடத்தை விட்டுப் பக்கத்தில் விழுந்தது. 2011இல் கூரையையே இடித்துவிட்டு அதே சுவர் மேல் சட்டம் கட்டி ஓடு வேய்ந்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் பாதி ஓட்டைக் கொண்டுபோனது. அதைத் திரும்ப வேய ஒரு வாரம் ஆனது, அவ்வளவுதான்.

உங்கள் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பெற்றோரின் ஆசைக்காகச் செலவழிப்பதைக் குற்றம் மாதிரி ஏன் கேட்கிறீர்கள்? ஆயுள் முழுக்க மற்றவர்களை ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர் அவர். வாங்குங்கள். இந்த வீடு தேறாவிட்டால் வேறு வீடு, அல்லது அதே பணத்தில் நிலம் வாங்கி நீங்களே கட்டுங்கள்.

கடிதத்தில் ஒன்று இல்லை. அப்பா இந்த வீட்டைப் பார்த்தாரா? நீங்கள் போய்ப் பார்த்தேன் என்கிறீர்கள், வீடியோ வந்தது என்கிறீர்கள். அவரைக் கூட்டிப்போனதாக எழுதவில்லை. பொறையாரில் பிறந்து வளர்ந்தவருக்கு எந்தத் தெருக் கிணறு நல்ல தண்ணீர், எந்தத் தெருவில் கரிக்கும் என்று தெரியாமல் இருக்காது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் ஜன்னலோரம் இடம் பிடித்து அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வீட்டு போர் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து அவர் கையில் கொடுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.