அந்த முத்திரைத்தாளே உங்கள் சாட்சி

கேள்வி: என் கணவர் பெருந்துறைப் பக்கம் ஒரு பால் பதப்படுத்தும் ஆலையில் ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்த்தார். மாதச் சம்பளம் 14,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் தொட்டி கழுவும்போது சூடான காஸ்டிக் சோடாக் கரைசல் பூட்ஸுக்குள் இறங்கி வலது கால் வெந்துவிட்டது. மேற்பார்வையாளர் சொன்னபடி, வீட்டில் வெந்நீர் கொட்டியதாக ஆஸ்பத்திரியில் சொன்னோம். பிறகு 20,000 ரூபாய் கொடுத்து, 'இனி எதுவும் கேட்க மாட்டேன்' என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கினார்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டு) அட்டையும் இல்லை. இனி வழி உண்டா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: உண்டு, சகோதரி. அட்டை இல்லாததால் உரிமை இல்லை என்று நினைக்காதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர், ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவராக இருந்தாலும் காப்பீட்டுக்கு உட்பட்டவரே. சந்தா கட்டாமல் விட்டது முதலாளியின் குற்றம், இ.எஸ்.ஐ. கழகம் உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ளும். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். ஊனம் நிலைத்தால் மருத்துவக் குழு நிர்ணயிக்கும் அளவுக்கேற்ப ஆயுள் முழுக்க மாதத் தொகை வரும். உடனே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள்.

ஆலை இ.எஸ்.ஐ. சட்டத்துக்குள் வராது என்று தெரிந்தால் மட்டும், விபத்து நடந்தபோது அமலில் இருந்த 1923-ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டப்படி 2026 ஆகஸ்டுக்குள் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் செல்லுங்கள். ஒப்பந்தக்காரரைக் காட்டி ஆலை நழுவ முடியாது. உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய ஒப்பந்தம் அச்சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி செல்லாது. இரண்டு சட்டங்களிலும் ஒருசேரப் பணம் கேட்க முடியாது.

உங்களை வாட்டுவது அந்தப் பொய்தான் என்று புரிகிறது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் சொன்னது. அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். இனி உண்மையை மட்டும் சொல்லுங்கள். வீட்டில் வெந்நீர் கொட்டியதற்கு ஆலை எதற்காக 20,000 ரூபாய் கொடுத்து எழுதி வாங்க வேண்டும்? அந்தத் தாளின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். நகல் இல்லையென்றால், பணம் கைமாறியதைப் பார்த்தவர்களின் பெயரை எழுதி வையுங்கள். அன்றைய ஷிப்டில் உடனிருந்தவர்கள், வருகைப் பதிவு, மேற்பார்வையாளர் அனுப்பிய செய்திகள் எல்லாம் உதவும். 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாத விபத்தைத் தொழிற்சாலை ஆய்வாளருக்கு ஆலை தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்ததா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

காஸ்டிக், தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பைக் கரைத்துக்கொண்டே ஆழமாக இறங்கும். வலி தாமதமாகத் தெரியலாம். இப்போதும் கணவருக்குக் கால் மரத்துப்போனாலோ விரல் மடங்காவிட்டாலோ, மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி அதைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். ஊனத்தின் அளவை நிர்ணயிக்கும்போது அந்தக் குறிப்பும் பார்க்கப்படும்.