பில் ஏன் ஒழுங்காக விழுவதில்லை? கடை, அலுவலகப் பிரிண்டர்கள்: கேள்வி பதில்

கொழும்பில் கணக்கு, பில்லிங் மென்பொருள்களைப் பொருத்திப் பராமரிக்கும் வேலையில் 19 வருடமாக இருக்கிறேன். புறக்கோட்டைக் கடைகள்தான் அதிகம். இன்று பின்னேரம் முழுக்க இருப்பேன், கேளுங்கள். கேட்குமுன் ஒரு வேலை: பிரிண்டரைக் கணினியிலிருந்து கழற்றிவிட்டு அதன் செல்ஃப் டெஸ்டை அடித்துப் பாருங்கள். தெர்மல் (சூட்டால் எழுதும் பில் பிரிண்டர்) என்றால், தாளைத் தள்ளும் ஃபீட் பொத்தானை அமத்திக்கொண்டே சுவிட்சைப் போட்டால் வரும். அது வடிவாக வந்தால் பிரிண்டரில் பிழை இல்லை, அதற்கு முன்னால் எங்கேயோ இருக்கிறது.

பழைய சோனகத் தெரு, இரும்புக்கடை: அக்கா, பாதி அளவுத் தொடர் கடதாசியில் மூன்று கொப்பி பில் அடிக்கிறோம். முதல் பில் சரி. போகப் போகக் கீழே இறங்கி, பத்தாவது பில்லில் மொத்தத் தொகை கிழிக்கும் கோட்டைத் தாண்டிவிடுகிறது. பிரிண்டரின் ட்ரைவர் மென்பொருளை மூன்று தரம் மாற்றிவிட்டேன்.

பதில்: ட்ரைவரை விடுங்கள் தம்பி. ஓர் அடிமட்டம் எடுத்து, ஒவ்வொரு பில்லிலும் கிழிக்கும் கோட்டிலிருந்து கடைப் பெயர் வரை அளந்து எழுதுங்கள். பாதிக் கடதாசி 5.5 அங்குலம். அங்குலத்துக்கு 6 வரி என்றால் 33 வரி. மென்பொருள் 34 வரி அனுப்பினால் ஒவ்வொரு பில்லும் ஒரு வரி கீழே போகும், ஏழாவது பில்லில் ஓர் அங்குலம் போய்விடும். நீங்கள் சொல்வது அப்படித்தான் இருக்கிறது. பில் வடிவமைப்பின் அடியில் யாரோ ஒரு வெற்று வரி சேர்த்திருப்பார்கள், அதை எடுங்கள்.

ஒவ்வொரு பில்லுக்கும் பிறகு பாதிக் கடதாசி வெறுமையாகப் போனால் அது வேறு கதை. விண்டோஸ் கடதாசியை 11 அங்குலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. பிரிண்ட் சேர்வர் அமைப்புக்குள் போய் 9.5க்கு 5.5 அங்குலம் என்று புதிய ஃபோம் (கடதாசி அளவு) ஒன்றை உருவாக்கி, அதை ட்ரைவரிலும் ரிப்போர்ட்டிலும் (பில் வடிவமைப்பிலும்) இரண்டு இடத்திலும் தெரிவு செய்ய வேண்டும். ஓரிடத்தில் மட்டும் மாற்றிவிட்டு வரவில்லை என்பவர்களே அதிகம். கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் போன்ற பில் வடிவமைக்கும் மென்பொருள்கள், வடிவமைத்த கணினியில் இருந்த பிரிண்டரின் அளவை ரிப்போர்ட்டுக்குள்ளேயே வைத்திருக்கும்.

இறக்கம் ஒரு தரம் அதிகம், ஒரு தரம் குறைவு என்றால் கடதாசி போகும் வழியைப் பாருங்கள். ஒரு கடையில் ஒரு மணித்தியாலம் மென்பொருளையே கிண்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், மேசைக்குக் கீழே இருந்த கடதாசிப் பெட்டியின் மூடி ஓரத்தில் தாள் உரசி உரசி ஏறியிருக்கிறது. பெட்டியை நேராக வைத்ததும் சரியாகிவிட்டது.

வெள்ளவத்தை, மருந்துக்கடை: பிரிண்டர் ஓஃப்லைன் என்று காட்டுகிறது. நேற்று வேலை செய்தது.

பதில்: மின்சாரம் போய் வந்திருக்கும், ரவுட்டர் பிரிண்டருக்கு வேறு ஐபி முகவரி (நெட்வேர்க்கில் அதன் எண்) கொடுத்திருக்கும். ரவுட்டரில் அந்தப் பிரிண்டருக்கு ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்குங்கள். பிறகு விண்டோஸில் அந்த முகவரிக்கே டிசிபி/ஐபி போர்ட் (நெட்வேர்க் வழி இணைப்பு) போடுங்கள். முகவரி சரியாக இருந்தும் ஓஃப்லைன் காட்டினால் அந்தப் போர்ட்டின் அமைப்பில் எஸ்என்எம்பி (பிரிண்டரின் நிலையை விண்டோஸ் கேட்கும் முறை) என்பதற்குப் பக்கத்தில் இருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

கிராண்ட்பாஸ், களஞ்சியம்: டொட் மெட்ரிக்ஸ் சத்தம் தாங்க முடியவில்லை. லேசர் வாங்கலாமா?

பதில்: கார்பன் கொப்பி தேவையென்றால் தாளில் ஊசி அடிக்கத்தான் வேண்டும், லேசர் அப்படி அடிக்காது. எப்சன் எல்க்யூ-310க்கு 24 ஊசி, மூலத்தோடு 3 கொப்பி. எல்எக்ஸ்-310க்கு 9 ஊசி, மூலத்தோடு 4 கொப்பி. கொப்பி தேவையில்லாவிட்டாலும், வாங்குமுன் மென்பொருள்காரரிடம் ஒன்று கேளுங்கள்: உங்கள் மென்பொருள் பிரிண்டருக்கு வெறும் எழுத்தை அனுப்புகிறதா, பக்கத்தைப் படமாக்கி அனுப்புகிறதா? விண்டோஸுக்கு முந்திய டொஸ் காலத்து மென்பொருள் வெறும் எழுத்தைத்தான் அனுப்பும். விலை குறைந்த லேசர்கள் பலவற்றுக்கு அது விளங்காது, கணினி படம் வரைந்து கொடுத்தால்தான் அடிக்கும். யூனிட்டி பிளாசா கணினிக் கடைத்தொகுதியில் காசைக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் இதைக் கேட்பவர்களைப் பார்த்தால் மனம் கஷ்டப்படுகிறது.

நாலாம் குறுக்குத்தெரு, மொத்த வியாபாரம்: பில்லில் சாமான் பெயர் தமிழில் வேண்டும். திரையில் தமிழ் தெரிகிறது, தெர்மல் பிரிண்டரில் ஏதேதோ வருகிறது.

பதில்: என்ன வருகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. கேள்விக்குறிகள் வந்தால், பெரும்பாலும் மென்பொருள் பிரிண்டருக்கு அனுப்பும்போது யுனிகோட் தமிழை (ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் உள்ள முறை) தமிழ் இல்லாத பழைய எழுத்துத் தொகுதிக்கு மாற்றுகிறது, எழுத்து அங்கேயே தொலைந்துவிடுகிறது. கட்டங்கள் வந்தால் எழுத்துரு இல்லை. சீன எழுத்து வந்தால் பிரிண்டர் சீன எழுத்துக்கான இரட்டை பைட் முறையில் இருக்கிறது. 'பால்' அடிக்க வேண்டிய இடத்தில் ஜி, எச், வை, ஓர் அரைப்புள்ளி வந்தால் அது பாமினி எழுத்துரு.

பாமினியில் கணினிக்குள் இருப்பது ஆங்கில எழுத்து, எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போடுகிறது. பிரிண்டர் தன் சொந்த எழுத்தில் அடித்தால் வேஷம் கலைந்துவிடும். பிரிண்டருக்குள் தமிழ் எழுத்துரு இல்லை, 'கொ'வின் கொம்பை இடப்பக்கம் கொண்டுபோகவும் அதற்குத் தெரியாது. அதனால் மென்பொருள் அந்த வரியைப் படமாக வரைந்து அனுப்ப வேண்டும்.

கொட்டாஞ்சேனை, அச்சகம்: இருபது வருடமாகப் பாமினியில்தான் அடிக்கிறோம். ஏன் பாமினியைக் குறை சொல்கிறீர்கள்?

பதில்: கல்யாணக் கார்டுக்குப் பாமினி தாராளமாகப் போதும், அடித்ததைக் கண்ணால் பார்த்துத் திருத்துகிறீர்கள். கடைச் சரக்குப் பட்டியல் அப்படி இல்லை. அதில் தேட வேண்டும், அகரவரிசையில் அடுக்க வேண்டும், வாடிக்கையாளரின் ஃபோனுக்கு அனுப்ப வேண்டும். இரண்டாயிரம் சாமான்களைப் பாமினியில் ஏற்றிவிட்டு எல்லாவற்றையும் திரும்ப மாற்றிய கடைகளை நான் அறிவேன்.

மருதானை, மென்பொருள் எழுதுபவர்: அக்கா, படமாக அனுப்பினால் மெதுவாகும். தீபாவளி வாரத்தில் கியூ தெருவரைக்கும் நிற்கும்.

பதில்: பழைய சீரியல் வயர் என்றால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. 80 மில்லிமீட்டர் ரோலில் ஒரு புள்ளி வரிசைக்கு 576 புள்ளி, அதாவது 72 பைட். ஒரு தமிழ் வரிக்கு 30 வரிசை வைத்தால் 2160 பைட். 9600 பிட் வேகத்தில் செக்கனுக்கு 960 பைட்தான் போகும், ஒரு வரிக்கே இரண்டு செக்கனுக்கு மேல். இருபது சாமான் என்றால் முக்கால் நிமிடம். யூஎஸ்பியிலோ நெட்வேர்க் வயரிலோ இது கண் மூடித் திறக்குமுன் போய்விடும். சாமான் பெயரை மட்டும் படமாக்கி, விலையும் மொத்தமும் பிரிண்டரின் சொந்த எழுத்தில் அடித்தால் இன்னும் சுருங்கும்.

தெஹிவளை, கணக்காளர்: இவ்வளவு பாடு ஏன்? ஆங்கில பில் போதாதா?

பதில்: போதாது. ஒரு கடையில் தமிழ் பில் வந்த முதல் நாள், வயதான ஒரு அம்மா வாசலிலேயே நின்று, விரலை ஒவ்வொரு வரியாக வைத்து வாசித்தார். 'சீனி இரண்டு கிலோ எடுக்கவில்லை, ஒன்றுதான்' என்று திரும்பி வந்தார். கடைக்காரர் திருத்திக் கொடுத்தார். முன்பெல்லாம் அந்த அம்மா பில்லை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார். இந்தப் பேச்சில் நான் பின்வாங்க மாட்டேன்.

பம்பலப்பிட்டி, டியூஷன் அலுவலகம்: பிரிண்டர் ஓஃப்லைன் காட்டுகிறது.

பதில்: மேலே மருந்துக்கடைக்குச் சொன்னதுதான்.

முதலாம் குறுக்குத்தெரு, துணிக்கடை: பகிர்ந்த பிரிண்டரைச் சேர்க்கும்போது 11பி என்று முடியும் பிழை வருகிறது. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் இடம்) ஒரு எண்ணைப் பூச்சியமாக்கச் சொல்கிறார்கள்.

பதில்: செய்யாதீர்கள். 2021 செப்டம்பர் விண்டோஸ் அப்டேட்டோடு பரவலான பிழை இது. அந்த எண் ஒரு பாதுகாப்புப் பூட்டு. இரண்டு கணினிகளையும் முழுதாக அப்டேட் செய்யுங்கள். அதைவிட நல்லது, பிரிண்டருக்கே நெட்வேர்க் வயர் கொடுத்து, ஒவ்வொரு கணினியிலிருந்தும் நேராக இணைப்பது.

கொழும்பு 15, கிளியரிங் அலுவலகம்: சுங்கத்தின் கணினி முறையான அசிகுடாவில் அடிக்கும்போது அடிப்பக்கம் வெட்டுப்படுகிறது.

பதில்: கடதாசி அளவு லெட்டர் என்று இருக்கிறதா பாருங்கள். லெட்டர் 279 மில்லிமீட்டர், ஏ4 297. மீதியைச் சுங்கத்தின் உதவிப் பிரிவிடம் கேளுங்கள்.

கல்கிசை, ஹோட்டல்: ஓஃப்லைன்...

பதில்: ஐயா, தயவுசெய்து மேலே வாசியுங்கள். இது மூன்றாவது தரம். செல்ஃப் டெஸ்ட் அடித்தீர்களா என்பதையும் எழுதுங்கள்.

வெள்ளவத்தை, பேக்கரி: பில் வருகிறது, காசு லாச்சிதான் திறக்கவில்லை.

பதில்: லாச்சியின் வயர் பிரிண்டரின் பின்பக்கத் துளையில் இருக்க வேண்டும். பார்க்க டெலிஃபோன் வயர் போல இருக்கும், ஆனால் டெலிஃபோன் வயரை அங்கே குத்தாதீர்கள், பிரிண்டர் பழுதாகும். வயர் சரியென்றால் ட்ரைவரில் லாச்சி அமைப்பைத் திறந்து, இரண்டாம் பின்னில் (இணைப்புக் கம்பி) இருப்பதை ஐந்துக்கு மாற்றிப் பாருங்கள்.

வெள்ளவத்தை, பேக்கரி: ஐந்தில் திறந்தது அக்கா.