பட்டப்பெயர் சொல்லும் மகன்

கேள்வி: நான்காம் வகுப்பு படிக்கும் என் மகன், உடன் படிக்கும் பையனை 'திக்குவாய்' என்றே கூப்பிடுகிறான். கேட்டால், "எல்லாரும் அப்படித்தாம்மா கூப்பிடுறாங்க" என்கிறான். திட்டியும் பயனில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகி

பதில்: திட்டாதீர்கள் அம்மா. திட்டினால் உங்கள் முன்னால் மட்டும் சொல்லாமல் இருப்பான், அவ்வளவுதான். முதலில் அந்தப் பையனின் பெயரைக் கேளுங்கள். அவனுக்கு என்ன விளையாட்டு பிடிக்கும், எதில் கெட்டிக்காரன்? தெரியாது என்றால் தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள்.

அப்புறம் திக்குதல் என்றால் என்னவென்று விளக்குங்கள். அது அறிவுக்குறைவு அல்ல. சொல்ல வேண்டியது அவன் மனதில் முழுதாக இருக்கிறது, வெளியே வரத்தான் நேரமாகிறது. அதனால் அவன் வாக்கியத்தை நாம் முடித்துவைக்கக் கூடாது. 'மெதுவாப் பேசு' என்றும் சொல்ல வேண்டாம். முகம் பார்த்துக் காத்திருந்தால் போதும். ஆசிரியையாக இருந்த நானே இதைத் தாமதமாகத்தான் கற்றேன். வகுப்பில் ஒரு சிறுமி திக்கும்போதெல்லாம், உதவுவதாக நினைத்துச் சொல்லை எடுத்துக்கொடுப்பேன். ஒருநாள் அவள், "நானே சொல்றேன் டீச்சர்" என்றாள். அந்தக் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது.

வகுப்பில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கவைக்க வேண்டாம். அந்தப் பையன் இன்னொரு முறை காட்சிப்பொருளாவான். ஆசிரியரிடம் தனியாகப் பேசுங்கள், தயங்க வேண்டாம். ஐ.நா. 1989இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 29ஆவது பிரிவு, மனித உரிமைகளை மதிக்கப் பழக்குவதையும் கல்வியின் நோக்கமாகச் சொல்கிறது. இதுவும் பாடம்தான்.

ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாரையாவது 'நொண்டி', 'குட்டை' என்று குறிப்பிடுவதுண்டா? உண்டென்றால் அங்கிருந்தே தொடங்குங்கள்.