கேளுங்க சொல்றோம்: பழைய ஆளுங்களுக்கு மட்டும் ஏன் கதவு திறக்கல?

கேள்வி: சார், 60 பேர் வேலை பாக்குற கம்பெனி எங்களது. ப்ராஜெக்ட்ல யாருக்கு என்ன வேலைன்னு பாத்துக்க 3 வருஷமா ரெட்மைன்ங்கற சாஃப்ட்வேர் ஓடிட்டு இருக்கு. ஆளாளுக்கு அதுல ஒரு தனி பாஸ்வேர்டு, வாரத்துக்கு நாலு பேராவது மறந்துட்டு என் டேபிள் முன்னாடி வந்து நிப்பாங்க. சரி, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போடுற ஆக்டிவ் டைரக்டரி (ஆபீஸ் ஆளுங்க பேர், பாஸ்வேர்டு எல்லாம் இருக்குற மைக்ரோசாஃப்ட் லிஸ்ட்) பாஸ்வேர்டையே இதுக்கும் வெச்சிடுவோம்னு எல்டாப் (அந்த லிஸ்ட்கிட்ட ஆளை விசாரிக்கிற வழி) செட்டிங் போட்டேன். டெஸ்ட் பட்டன் அமுக்கினா ஓகேங்குது. போன மாசம் சேந்த நாலு பசங்க ஜம்முனு உள்ள போறாங்க. ஆனா பழைய ஆளுங்க ஒருத்தரால கூட போக முடியல, பாஸ்வேர்டு தப்புங்குது, மேனேஜருக்கும் அதே கதைதான். தலையே சுத்துது சார். (பேர் வேண்டாம்னு கேட்ட வாசகர், ஓசூர்)

பதில்: தம்பி, உங்க செட்டிங்ல தப்பே இல்ல, அதுக்கு சாட்சி அந்த நாலு பசங்கதான். ரெட்மைன் ஒருத்தர் பேரை வாங்கினதும் முதல்ல தன்னோட சொந்த லிஸ்ட்லதான் தேடும். அங்க பேர் இல்லன்னாதான் எல்டாப் பக்கம் போயி கேக்கும், அங்க சரின்னு சொல்லிட்டா அப்பவே ஒரு புது கணக்கு தொறந்துடும் (ஆன் தி ஃப்ளைனு ஒரு டிக் போட்டிருப்பீங்களே, அதான்). புதுப் பசங்களுக்கு நடந்தது இது. பழைய ஆளுங்க பேரு ஏற்கனவே அங்க இருக்கு, அவங்க கணக்குல ஆதென்டிகேஷன் மோட்ங்கற இடத்துல இன்னும் 'இன்டர்னல்'னுதான் இருக்கும், அதனால அது ஆக்டிவ் டைரக்டரிய ஒரு வார்த்தை கூட கேக்காம 3 வருஷத்துக்கு முந்தின பழைய பாஸ்வேர்டோட ஒப்பிட்டுப் பாத்துட்டு 'தப்பு'ன்னு சொல்லி அனுப்பிடுது.

ஒவ்வொருத்தர் கணக்கையும் எடிட்ல தொறந்து அந்த மோடை உங்க எல்டாப் பேருக்கு மாத்துங்க. 60 பேர்னா ஒரு டீ குடிச்சிட்டு உக்காந்தா முடியுற வேலை. டேட்டாபேஸ்ல கை வைக்கிற தைரியம் இருந்தா யூசர்ஸ் டேபிள்ல ஆத்-சோர்ஸ்-ஐடிங்கற ஒரே காலம்தான், ஆனா பேக்கப் எடுக்காம தொடாதீங்க.

மாத்துறதுக்கு முன்னாடி லாகின் பேரு ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு பாத்துக்கோங்க, நிறைய பேர் விழுற குழி இதுதான். ரெட்மைன்ல குமார், ஆக்டிவ் டைரக்டரில எஸ்.குமார்னு இருந்தா, அவரு எஸ்.குமார்னு அடிக்கும்போது ரெட்மைன் அவரைப் புது ஆள்னு நெனச்சு கணக்கு தொறக்கப் பாக்கும். ஈமெயில் ஒண்ணா இருந்தா 'இது ஏற்கனவே இருக்கு'ன்னு சொல்லி பதிவு பண்ற ஃபாரத்தை நீட்டும், அவரும் குழம்பி உங்ககிட்ட வருவாரு. ஈமெயில் வேறயா இருந்துட்டா இன்னும் மோசம், ஒரே ஆளுக்கு ரெண்டு கணக்கு ஆகி பழைய வேலையெல்லாம் ஒண்ணுலயும் புதுசு இன்னொண்ணுலயும் கிடக்கும். அதனால முதல்ல பேரைத் திருத்துங்க, அப்புறம் மோட். ஆக்டிவ் டைரக்டரில சாம்-அக்கவுண்ட்-நேம்ங்கறதைத்தான் லாகின் பேரா குடுத்திருப்பீங்க, அது யூசருக்கு 20 எழுத்துக்கு மேல போகாது, நீளமான பேர் இருக்குறவங்களுக்கு வால் வெட்டுப்பட்டு இருக்கும், அதையும் பாருங்க.

டெஸ்ட் பட்டன் ஓகே சொன்னதை ரொம்ப நம்பாதீங்க. உள்ள நடக்குறது ரெண்டு வேலை. முதல்ல நீங்க குடுத்த சர்வீஸ் அக்கவுண்ட்டை (ஆளுக்கு இல்லாம சாஃப்ட்வேருக்குன்னே தொறந்த கணக்கு) வெச்சு ரெட்மைன் டைரக்டரிக்குள்ள போயி, பேஸ் டிஎன்னுக்கு (டைரக்டரில எங்கேருந்து தேடணும்னு நீங்க குடுத்த இடம்) கீழ இந்தப் பேர்ல ஆள் இருக்காரான்னு தேடி அவரோட முழு விலாசத்தை எடுக்கும். அப்புறம் அந்த விலாசத்தையும் அவரு அடிச்ச பாஸ்வேர்டையும் வெச்சு மறுபடி கதவைத் தட்டும், தொறந்தா சரி. டெஸ்ட் பட்டன் உங்க மேனேஜரோட கணக்கையோ பாஸ்வேர்டையோ தொடுறதே இல்ல.

சர்வீஸ் அக்கவுண்ட்னதும் எனக்கு ஒரு பழைய காயம் ஞாபகம் வருது. ஒரு ஆபீஸுக்கு இதே மாதிரி செட்டப் பண்ணிக் குடுத்துட்டு சந்தோஷமா வந்துட்டேன். ஒன்றரை மாசம் கூட ஆகல, ஒரு திங்கக்கிழமை காலையில போன் மேல போன், ஒருத்தராலயும் உள்ள போக முடியல. ஆக்டிவ் டைரக்டரில பாஸ்வேர்டுக்கு ஆயுசு சும்மா விட்டா 42 நாள். என் சர்வீஸ் அக்கவுண்ட்டுக்கு அன்னிக்கு 42 நாள் முடிஞ்சிருந்துச்சு. சரி, அட்மினா உள்ள போயி மாத்தலாம்னா, நான் புத்திசாலித்தனமா அட்மின் கணக்கையும் எல்டாப்புக்கு மாத்தி வெச்சிருந்தேன்! சர்வர்ல கமாண்ட் லைன்ல போயி சரிபண்ண மத்தியானம் ஆயிடுச்சு, அதுவரைக்கும் 'சாப்டீங்களா'ன்னு கேக்க ஆளில்ல. அதனால அந்த அக்கவுண்ட்டுக்கு பாஸ்வேர்டு காலாவதி ஆகாதுங்கற டிக்கைப் போடுங்க, படிக்கிற உரிமை மட்டும் குடுங்க, டொமைன் அட்மின் கணக்கை எடுத்து அங்க சொருகாதீங்க. ஒரு அட்மினாவது இன்டர்னல்லயே கிடக்கட்டும்.

அந்த சர்வீஸ் அக்கவுண்ட் பாஸ்வேர்டு ரெட்மைன் டேட்டாபேஸ்ல அப்படியே வெறும் எழுத்தாத்தான் இருக்கும், கான்ஃபிகரேஷன் ஃபைல்ல டேட்டாபேஸ்-சைஃபர்-கீங்கற வரியைப் போட்டாத்தான் பூட்டி வைக்கும். போர்ட் 389ல விட்டிருந்தா ஊழியர்கள் பாஸ்வேர்டும் நெட்வொர்க்ல வெறும் எழுத்தாவே போகும், 636க்கு மாறி எல்டாப்ஸ் (பூட்டி அனுப்புற எல்டாப்) எடுங்க. சர்வர் முகவரியா ஐபி நம்பரைக் குடுத்திருந்தா சர்ட்டிஃபிகேட்ல இருக்குற பேரோட பொருந்தாம மக்கர் பண்ணும். உடனே 'சர்ட்டிஃபிகேட் பாக்காத'ங்கற ஆப்ஷனைத் தேடிப் போகாம முழுப் பேரைக் குடுத்துப் பாருங்க.

கேள்வி: நானே ஒரு வெப் ஆப் எழுதி ஆக்டிவ் டைரக்டரியோட இணைச்சிருக்கேன் அண்ணா. என்ன தப்பு நடந்தாலும் எர்ரர் 49னே வருது, எதுக்குன்னு புரியல. (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: 49ன்னா 'குடுத்த விவரம் செல்லாது', அவ்ளோதாம்மா. அந்த மெசேஜை முழுசா லாக்ல போடுங்க, நடுவுல டேட்டான்னு ஒரு வார்த்தையும் அதுக்குப் பக்கத்துல ஒரு நம்பரும் இருக்கும், விஷயமே அங்கதான் இருக்கு. 52eன்னா பாஸ்வேர்டு தப்பு, 525ன்னா அப்படி ஆளே இல்ல, 532ன்னா பாஸ்வேர்டு காலாவதி, 533 கணக்கை முடக்கி வெச்சிருக்காங்க, 773 முதல்ல பாஸ்வேர்டை மாத்தச் சொல்லுது, 775 தப்புத்தப்பா அடிச்சு லாக் ஆயிடுச்சு. இதையெல்லாம் ஸ்க்ரீன்ல யூசருக்குக் காட்டாதீங்க, திருடனுக்கு வழி சொன்ன மாதிரி ஆயிடும்.

நீங்க கேக்கல, ஆனாலும் சொல்லிடறேன். பாஸ்வேர்டு பெட்டியைக் காலியா விட்டு லாகின் அமுக்கிப் பாருங்க. எல்டாப்ல பேரைக் குடுத்து பாஸ்வேர்டைக் காலியா அனுப்பினா நிறைய சர்வர்கள் 'யாரோ அநாமதேயம்'னு எடுத்துக்கிட்டு சக்சஸ்னு பதில் சொல்லிடும், உங்க கோடு அதை நம்பி மேனேஜர் கணக்கைத் தொறந்து விட்டுடும். ரெட்மைன் மாதிரி அனுபவப்பட்ட ஆப் எல்லாம் காலி பாஸ்வேர்டை வாசல்லயே திருப்பி அனுப்பிடும், உங்க கோடுலயும் அந்த ஒரு வரி வேணும். அதே மாதிரி யூசர் அடிக்கிற பேர்ல நட்சத்திரக் குறி, அடைப்புக்குறி, பேக்ஸ்லாஷ் வந்தா அதை மாத்தி எழுதாம ஃபில்டருக்குள்ள (டைரக்டரில யாரைத் தேடணும்னு சொல்ற வரி) போடாதீங்க, பேருக்குப் பதிலா வெறும் நட்சத்திரம் அடிச்சா அந்தத் தேடல்ல மொத்த ஆபீஸும் வந்து நிக்கும்.

கேள்வி: அக்கவுண்ட்ஸ் குரூப்ல இருக்குறவங்க மட்டும் உள்ள வரணும். எல்டாப் ஃபில்டர்ல மெம்பர்-ஆஃப் (ஆள் எந்த குரூப்ல இருக்காருன்னு சொல்றது) போட்டேன், பாதி பேர் வர்றாங்க பாதி பேர் வரல. (வாசகர், திருச்சி)

பதில்: வராத பாதி, குரூப்புக்குள்ள இருக்குற இன்னொரு குரூப்ல இருப்பாங்க. மெம்பர்-ஆஃப் நேரடி உறுப்பினரை மட்டும்தான் பாக்கும். ஆக்டிவ் டைரக்டரின்னா 1.2.840.113556.1.4.1941ங்கற நீளமான நம்பரை மெம்பர்-ஆஃப் பக்கத்துல ரெண்டு முக்காப்புள்ளிக்கு நடுவுல போட்டா உள்ளுக்குள்ள எத்தனை அடுக்கு இருந்தாலும் தோண்டிப் பாக்கும், கொஞ்சம் மெதுவாகும். டொமைன் யூசர்ஸ் குரூப்பை இதே மாதிரி போட்டுப் பாக்கலாம்னு நெனச்சிடாதீங்க, அது பிரைமரி குரூப் (ஒவ்வொருத்தருக்கும் தானா வர்ற முதல் குரூப்), மெம்பர்-ஆஃப்ல வராது, மொத்த ஆபீஸும் வெளிய நிக்கும்.

கேள்வி: வேலையை விட்டுப் போன ஒருத்தரை ஆக்டிவ் டைரக்டரில முடக்கிட்டோம். ஆனா ரெட்மைன்ல அவர் பேர்ல இன்னும் டிக்கெட் க்ளோஸ் ஆகுது! பேயா சார்? (வாசகி, கோவை)

பதில்: பேயில்லம்மா, ஏபிஐ கீ (பாஸ்வேர்டு இல்லாமலே ஸ்க்ரிப்ட் உள்ள போக ரெட்மைன் குடுக்குற சாவி). டைரக்டரிய ரெட்மைன் கேக்குறது பாஸ்வேர்டு அடிக்கிற அந்த ஒரு நிமிஷம்தான். அவரு எப்பவோ ஒரு ஸ்க்ரிப்ட்ல தன்னோட கீயைப் போட்டு வெச்சிருப்பாரு, அது பாட்டுக்கு ஓடுது. பிரவுசர்ல லாகின்லயே இருக்கட்டும்னு டிக் போட்டிருந்தாலும் அந்தக் குக்கீ தீருற வரைக்கும் உள்ள வரலாம், அதுக்கு 365 நாள் வரைக்கும் கெடு வைக்க முடியும். ரெட்மைன் அட்மின்ல அவர் கணக்குக்குப் போயி லாக் அமுக்குங்க, ரெண்டும் நின்னுடும். லாக் பண்றதுக்கு முன்னாடி அந்த ஸ்க்ரிப்ட் என்ன வேலை செய்யுதுன்னு அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடுங்க, ராத்திரில தானா நடக்குற உங்க சாஃப்ட்வேர் பில்ட் அதுலதான் ஓடிட்டு இருக்கோ என்னவோ.