தொட்டித் தக்காளி இலை நுனி கருகுவது உரக்குறையால் அல்ல

உரத்தை முதலில் நிறுத்துங்கள். வாரம் இருமுறை என்பிகே (தழை, மணி, சாம்பல் சத்து உரம்) கரைசல் ஊற்றியும் தக்காளி இலை நுனி கருகுகிறது என்கிறீர்கள். அது பசி இல்லை, அஜீரணம். பெரும்பாலும் மண்ணில் உப்பு சேர்ந்திருக்கும்.

தொட்டி விளிம்பைச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு உதிர்ந்தால், தொட்டிக் கொள்ளளவைப்போல் 2 மடங்கு தண்ணீரை நிதானமாக ஊற்றி வடியவிடுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் செடி அதையே திரும்பக் குடிக்கும்.

வெறும் தோட்டமண் தொட்டியில் இறுகிவிடும். அடுத்த முறை மண், மட்கிய தொழுவுரம், தென்னைநார்க் கழிவு சமபங்கு கலந்துகொள்ளுங்கள். நார்க்கழிவைக் கழுவாமல் போட்டு ஒரு செடியைப் பலிகொடுத்தவன் நான். அதிலேயே உப்பு உண்டு.

புதுத்துளிர் நன்றாக வந்தபின் பாதி அளவு உரம் போதும். கருகிய நுனி மீண்டும் பச்சையாகாது. அடித்துளை அடைத்திருந்தால் மட்டும் இப்படித் தண்ணீர் ஊற்றாதீர்கள், வேர் அழுகிவிடும்.